எல்லாம் காய் நறுக்குகிற கத்திதான்

சாக்காய், ஒசாக்கா மாகாணம்

அன்புள்ள அக்காவுக்கு,

ஃபோனில் சொன்னால் அத்தான் "ஸ்பீக்கர்ல போடு" என்பார், அம்மாவும் கேட்டுவிடுவாள். அதனால்தான் கடிதம்.

"உன் தம்பி கத்தி சேர்க்கிறானாமே, அங்கே யாரோடும் தகராறா?" என்று அத்தான் கேட்டாராம். திருப்பாச்சேத்திப் பக்கத்தில் பிறந்தவன் கத்தி வாங்குகிறான் என்றால் சொந்தக்காரர்கள் என்ன நினைப்பார்கள் என்று எனக்குத் தெரியாதா? அவரிடம் சொல்லிவிடு, எல்லாம் காய் நறுக்குகிற கத்தி, மீன் அரிகிற கத்தி. எனக்கு ஆகாதவன் என்று இங்கே ஒருத்தருமில்லை. ஆகாமல் போவதற்கும் முதலில் பழக்கம் வேண்டுமே! எதிர்வீட்டுக்காரர் என்னிடம் இதுவரை பேசியதெல்லாம் எந்தக் கிழமையில் எந்தக் குப்பை என்பதைப் பற்றித்தான்.

கத்திப் பழக்கம் வந்ததற்குக் காரணம், நான் வந்து சேர்ந்த ஊர் அப்படி. போர்ச்சுக்கீசியர் 16-ஆம் நூற்றாண்டில் புகையிலையைக் கொண்டுவந்தபோது, அந்த இலையைச் சீவுவதற்குக் கத்தி அடித்துக் கொடுத்துப் பேர் வாங்கிய ஊர் இது. தோகுகவா அரசு அந்தக் கத்திக்கு முத்திரையே கொடுத்தது. இப்போது சமையல் கத்தி. ஒருவர் அடிப்பார், ஒருவர் சாணை பிடிப்பார், ஒருவர் பிடி போடுவார். ஒருவர் வேலையில் இன்னொருவர் கை வைக்கமாட்டார். 1982-இல் அரசாங்கம் இதை மரபுக் கைத்தொழில் என்று அறிவித்திருக்கிறது. இது தெரியாமல், வெங்காயம் நறுக்க ஒரு கத்தி என்று ஒரு கடைக்குள் போனேன். "வெள்ளையா, நீலமா?" என்றார் கடைக்காரர். பிடியின் நிறத்தைக் கேட்கிறார் என்று நினைத்து வெள்ளை என்றேன். அன்று பிடித்த சனி.

அவர் கேட்டது எஃகை. ஷிமானே மாகாணத்து யாசுகியிலிருந்து வரும் எஃகில், ஒட்டிவரும் காகிதத்தின் நிறத்தை வைத்து வெள்ளை, நீலம் என்று ரகம் பிரித்திருக்கிறார்கள். வெள்ளையில் கலப்பு குறைவு, கல்லில் தேய்த்தால் சட்டென்று பதம் ஏறும். நீலத்தில் குரோமியமும் டங்ஸ்டனும் உண்டு, கூர் கூடுதல் நாள் நிற்கும். எது உசத்தி என்று இவர்களிடம் கேட்டால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலி. நான் வெள்ளைக் கட்சி, காரணம் மேலே சொன்னதுதான். இரண்டும் துருப்பிடிக்கும். வெங்காயம் நறுக்கிய கையோடு கழுவித் துடைக்காமல் ஃபோனை எடுத்தால், பேசி முடிப்பதற்குள் கத்தி கறுத்துவிடும். நீ கூப்பிட்டதும் நான் எடுக்காததற்கு இதுதான் காரணம். வேறு மாதிரி நினைக்காதே.

விலையை அத்தான் ரூபாயாக்கிப் பார்க்க வேண்டாம், தூக்கம் கெடும். கையால் அடித்த கத்தி எல்லாம் நினைத்தவுடன் கிடைக்காது. நீகதா மாகாணம் சான்ஜோவின் ஷிகெஃபூசா கத்திக்கு வருஷக்கணக்கில் காத்திருப்பவர்கள் உண்டு. ஆகவே சேகரிப்பவர்கள் ஒருவர் வீட்டில் கூடித் தங்களுக்குள் மாற்றிக்கொள்கிறார்கள். சந்தையில் மாட்டுக்குச் சுழி பார்ப்பதுபோல்தான் பார்ப்பார்கள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முதுகுப்புறம் எவ்வளவு தடிமன், நுனிக்குப் போகப் போக மெலிகிறதா, சாணை பிடித்துப் பிடித்து அகலம் எத்தனை மில்லிமீட்டர் குறைந்திருக்கிறது என்று ஒவ்வொன்றாக. பிறகு விளிம்பைக் கட்டைவிரல் நகத்தில் லேசாக வைத்து இழுப்பார்கள். மயிரிழைப் பிசிறு இருந்தாலும் நகத்தில் தட்டும். இவ்வளவு பார்க்கிறவர்களில் பாதிப்பேர் வீட்டில் சமைப்பது மனைவி, சூப்பர் மார்க்கெட் கத்தியில்.

சிக்கலே கத்தியைக் கொண்டுபோவதில்தான். 6 சென்டிமீட்டருக்கு மேல் நீளமான கத்தியை நியாயமான காரணமில்லாமல் கொண்டுதிரிந்தால் இங்கே இரண்டு வருஷம்வரை சிறை, இல்லையென்றால் 3 லட்சம் யென்வரை அபராதம். புல்லட் ரயிலில் 2018-இல் ஒருவன் கத்தியால் வெட்டியதற்குப் பிறகு, 2019-லிருந்து சரியாகச் சுற்றிக் கட்டாத கத்தியை ரயிலில் ஏற்றவும் கூடாது. எனவே மரவுறை, அதன்மேல் செய்தித்தாள், அதன்மேல் அட்டை, டேப், பெட்டி, பெட்டிக்குமேல் துணி. சீமந்தச் சீர்கூட இத்தனை கட்டோடு போயிருக்காது.

இந்தக் கோலத்தில் சைக்கிளில் ஸ்டேஷனுக்குப் போகும்போது ஒரு போலீஸ்காரர் நிறுத்தினார். பதிவெண் பார்க்க வேண்டுமாம். வெளிநாட்டு முகத்தைக் கண்டால் சிலருக்குச் சைக்கிள்மேல் தனி அக்கறை. சைக்கிள் என்னுடையதுதான் என்று தெரிந்ததும், "பையில் என்ன?" என்றார். "மூன்று கத்தி" என்றேன். பொய் சொல்லும் அளவுக்கு எனக்கு இன்னும் ஜப்பானிய மொழி வரவில்லை.

சாவடிக்குக் கூட்டிப்போனார். வெள்ளைக் கையுறை மாட்டி, டேப்பின் ஓரத்தை நகத்தால் நெம்பி, கிழியாமல் பிரித்தார். அளந்து எழுதிக்கொண்டார்.

"எங்கே கொண்டுபோகிறீர்கள்?"

"மாற்றிக்கொள்ள."

"ஏன், இது வெட்டாதா?"

"நன்றாக வெட்டும்."

"பிறகு ஏன் மாற்றுகிறீர்கள்?"

தமிழில் கேட்டிருந்தாலும் எனக்குப் பதில் தெரியாது. போகிற வீட்டுக்காரருக்கு ஃபோன் போட்டேன். அவர் பேசியதில் சமாதானமாகி, போகலாம் என்றார். எப்படிப் போவது? சுற்றாத கத்தியோடு வாசலைத் தாண்டக் கூடாது என்பதும் அவர்தான். இரண்டு பேருமாக உட்கார்ந்து சுற்றினோம். டேப் தீர்ந்துபோனது. இளையவர் ஒருவர் ஓடிப்போய் வாங்கிவந்தார், ரசீதோடு. பெரியவர் ஒருவர் உள்ளேயிருந்து வந்து பார்த்து, நுனிப்பக்கம் அட்டை போதாது என்று மறுபடியும் பிரிக்கச் சொன்னார். நான் வெளியே வந்தபோது கத்தி தலையணை அளவு இருந்தது. மூன்று பேரும் வரிசையாக நின்று குனிந்து விடைகொடுத்தார்கள். ரயில் போய்விட்டது.

அத்தனை பாடுபட்டும் மாற்று படியவில்லை. என் கத்தியின் பிடி வெள்ளை மாக்னோலியா மரம். மஞ்சள்தூள் கைபட்டுப் பட்டுப் பிடி முழுக்க மஞ்சள். ஒருவர் மோந்துவேறு பார்த்தார். பெருங்காயம்! விலையில் பாதியைக் குறைத்தார். நான் சமைக்கிறதற்குத் தண்டனை. அதையும் யாருக்குச் சமைக்கிறேன்? ஒற்றை ஆளுக்கு ஒரு வெங்காயம், அரைத் தக்காளி. இங்கே கத்தி தேய்வதே சாணைக்கல்லில்தான்.

ஆனால் ஓய்வுபெற்ற பல் டாக்டர் ஒருவர் மட்டும் அந்தக் கறை என்ன என்று கேட்டுக்கொண்டே வீடுவரைக்கும் வந்துவிட்டார். சாம்பார் வைத்தேன். இரண்டாந்தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். இந்த வீட்டில் ஒருவர் தட்டை நீட்டி "இன்னும் கொஞ்சம்" என்றது அன்றுதான் முதல்தடவை. பேச்சுவாக்கில் அம்மா சமையல்கட்டுப் படத்தைக் காட்டினேன். அம்மாவைப் பார்த்தாரோ என்னவோ, கீழே கிடந்த அரிவாள்மனையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கத்தி அசையாது, காய்தான் போகும் என்றதும் எழுந்து நின்றுவிட்டார். ஓர் அரிவாள்மனைக்கு ஈடாக, 24 சென்டிமீட்டரில் ஒரு வெள்ளை எஃகுக் கத்தி தருகிறேன் என்கிறார். பிரிக்காத பெட்டியோடு!

ஆகவே ஓர் உதவி. பரணில் ஆச்சியின் பெரிய அரிவாள்மனை கிடக்கிறது. துருவைத் தேய்க்காதே, சாணைக்காரனிடம் கொடுக்காதே, அம்மாவிடம் சொல்லாதே. சித்தப்பா மகன் அடுத்த மாதம் ஒசாக்கா வருகிறான், அவனுடைய பெரிய பெட்டியில் வைத்துவிடு. கைப்பையில் வைத்துவிடாதே. அட்டையை இரண்டு சுற்று அதிகமாகவே சுற்று, நுனிப்பக்கம் மூன்று.

அன்புடன்,
தம்பி