பாம்புச் செவி

எங்கள் குடியிருப்பில் ஒருவர் இருக்கிறார். உங்கள் குடியிருப்பிலும் கட்டாயம் இருப்பார். பால் பாக்கெட்டோடு நீங்கள் கேட்டுக்குள் நுழையும்போது, "சார், ஒரு அஞ்சு நிமிஷம் வர முடியுமா?" என்பார், கைமாற்று கேட்பவர்போலத் தயங்கித் தயங்கி. கைமாற்று என்றால் கொடுத்துவிட்டுத் தப்பலாம். இவர் கேட்பது நம் காதை.

இவர் வண்டி மாருதி 800. 1983 டிசம்பரில் முதல் சாவி கைமாறி, 2014 ஜனவரியில் தயாரிப்பு நின்றுபோன அதே 800. கம்பெனிதான் நிறுத்தியது, இவர் நிறுத்தவில்லை. அதில் பாட்டுப் பெட்டி ஒன்று இருந்தது. சத்தத்தை மறைக்கிறது என்று கழற்றிவிட்டார். ஏ.சி. இருக்கிறது, அதன் காற்றாடி இரைகிறதாம். ஆகவே சென்னை மே மாதத்தில், முதல் சுற்று கண்ணாடியை இறக்கி, இரண்டாம் சுற்று ஏற்றி, நாம் வெந்துகொண்டே கேட்க வேண்டும்.

கச்சேரிக்குச் சபா பார்க்கிற ரசிகரைப்போல இவர் வேகத்தடை பார்ப்பார். "ஸ்கூல் வாசல்ல இருக்கறது சரியில்ல சார், ரொம்ப வழவழ. ரேஷன் கடைப் பக்கம் ஒண்ணு இருக்கு. அதுலதான் சுத்தமா விழும்." ரேஷன் கடை வருகிறது. வண்டி ஏறி இறங்குகிறது. கையை உயர்த்துகிறார். "ஷ்ஷ்... கேட்டுச்சா?"

கேட்கவில்லை என்றால் இன்னொரு சுற்று. கேட்டது என்றால், "எந்தப் பக்கம்?" என்பார். குருட்டாம்போக்கில் இடது என்றேன். "எனக்கு வலதுன்னு பட்டுதே" என்று இன்னொரு சுற்று.

'டக்' என்றால் லோயர் ஆர்ம் புஷ். 'டொக்' என்றால் பால் ஜாயின்ட். 'லொடலொட' ஸ்டெபிலைசர் புஷ். இந்தச் சொற்கட்டை மிருதங்க வாத்தியார்போலத் தொடையில் தட்டியே காட்டுவார். அன்று 'டக்'தான் என்று தீர்மானமாயிற்று.

புஷ் பெரிய சாமான் இல்லை. நடுவில் இரும்புக் குழாய், சுற்றிலும் ரப்பர், உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். சக்கரத்தைத் தாங்கும் ஆர்ம், வண்டியின் உடம்போடு சேரும் இடத்தில் உட்கார்ந்து, அடியை எல்லாம் வாங்கிக்கொள்ளும். அது வெடித்துவிட்டால் பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும். டயரின் ஓரம் மட்டும் தேயும். இதுவரை மாற்றிய பழைய புஷ்களை ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் மாவடு மாதிரி போட்டு, தேதி எழுதி வைத்திருக்கிறார். விருந்தாளிகளுக்குக் காபிக்கு முன்னால் அதுதான்.

மெக்கானிக் நல்லவர். "முழு ஆர்மே மாத்திடலாம் சார், புஷ்ஷோடயே வருது. வேலை சட்டுனு முடிஞ்சிடும்" என்றார்.

"செருப்பு வார் அறுந்தா காலையா மாத்துவே?"

புதுப்பேட்டைக்குப் போய் இரண்டு பக்கத்துக்கும் புஷ் வாங்கி வந்தார். நகத்தால் அழுத்தி, மோந்து பார்த்து வாங்கியவை. லேத் பட்டறையில் பழையதைத் தள்ளி எடுத்தார்கள். புதியது எளிதாக இறங்கட்டும் என்று பையன் கிரீஸ் டப்பாவைத் திறந்தான். "டேய், ரப்பர் ஊறிப்போயிடும்டா!" என்று பாய்ந்து, சட்டைப் பையிலிருந்து எடுத்தார் பாருங்கள், காகிதத்தில் மடித்த குளியல் சோப்புத் துண்டு. சோப்புத் தண்ணீர் தடவி பிரஸ்ஸில் வைத்ததும் புஷ் வழுக்கிக்கொண்டு உள்ளே போயிற்று. பையன் என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன்.

உச்சக்கட்டம் அதற்கப்புறம்தான். வண்டி ஜாக்கியில் நிற்க, சக்கரம் தொங்க, பையன் கடைசி முறுக்கு முறுக்கப் போனான். "நிறுத்து!" என்ற சத்தத்தில் எதிர்க் கடையில் டீ ஆற்றியவர் கையே நின்றது. நட்டை லேசாக மாட்டி, வண்டியை இறக்கி, குழி மேல் நிறுத்தி, நாலு சக்கரமும் பாரம் தாங்கிய பிறகுதான் இறுக்க வேண்டுமாம். ரப்பர் சுழலாது, முறுக்கிக்கொண்டுதான் அசையும்; தொங்கும்போது இறுக்கினால் வண்டி இறங்கியதிலிருந்து அது முறுக்கேறியபடியே கிடக்கும், சீக்கிரம் கிழியும். "பிழிஞ்ச வேட்டியை உதறாமலே கட்டிக்கிட்டுத் திரிவீங்களா?" என்று என்னைக் கேட்டார். நான் எதுவுமே சொல்லியிருக்கவில்லை.

இப்படிப்பட்டவர்களைச் சகித்துக்கொள்வது கஷ்டமில்லை. ஆனால் அவர்கள் சொல்வது சரியாக வேறு இருந்து தொலைக்கிறது.

பிறகு வீல் அலைன்மென்ட், ரேஷன் கடைப் பக்கம் மூன்று சுற்று, நிசப்தம். மூன்று நாள் மனிதர் முகத்தில் களையே இல்லை. மாணவன் பரீட்சையில் தேறிவிட்டால் டியூஷன் வாத்தியாருக்கு வருமே, அப்படி ஒரு வெறுமை.

போன வருஷம் என் காருக்கும் அதே வேலை வந்தது. அவரிடம் சொல்லாமல் வேறு பேட்டையில் ஒரு பட்டறைக்கு ஓட்டிப் போனேன். சக்கரம் தொங்கத் தொங்கத்தான் முறுக்கினார்கள். பார்த்துக்கொண்டுதான் நின்றேன். வாயைத் திறந்தால் நானும் அவராகிவிடுவேனோ என்று பயம்.

எட்டு மாதம் ஓடியது. நேற்றுக் காலை வண்டியை வெளியே எடுத்தேன். கேட்டோரச் சாக்கடை மூடியில் முன் சக்கரம் ஏறி இறங்கியது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

மூன்றாவது மாடி பால்கனியிலிருந்து குரல் வந்தது.

"இடது பக்கம் சார். தொங்கவிட்டு முறுக்கியிருக்கான்."