சாக்குரிமை: நாயுள்ள வீட்டில் பூனை புகுதல் பற்றிய ஓர் ஆய்வு

1. முன்னோர் கருத்து

நாயையும் பூனையையும் ஒரே இடத்தில் வைக்கக் கூடாது என்று தொல்காப்பியருக்கே தெரிந்திருந்தது என்பது இவ்வாய்வாளரின் துணிபு. மரபியலில் இளமைப் பெயர்களைப் பங்கிடும்போது நாய், பன்றி, புலி, முயல் ஆகியவற்றின் இளமைக்குக் ‘குருளை’ என்றார். வெருகு என்னும் காட்டுப்பூனையைக் கீரி, எலி, அணிலோடு வேறொரு நூற்பாவில் வைத்துக் ‘குட்டி’ என்றார். எலியோடுகூடப் பூனையைத் தைரியமாக விட்டவர் நாயோடு விடவில்லை என்றால், காரணம் இல்லாமலா?

2. ஆய்வுக்களம்

எங்கள் வீட்டு வராந்தா. அங்கு வசிப்பவர் மணி. ஆறு வயது நாட்டு நாய். அசையும் சொத்து: அலுமினியத் தட்டு ஒன்று, கோணிச் சாக்கு ஒன்று. புதுவரவு, மழைக்கு ஒதுங்கிய இரண்டு மாதப் பூனைக்குட்டி.

3. பணிமூப்பு

நாய் மனிதனிடம் சேர்ந்து குறைந்தது 14,000 ஆண்டுகள். மனிதனுக்கு அருகே புதைக்கப்பட்ட பூனைக்குச் சைப்ரஸ் தீவில் கிடைத்த சான்று சுமார் 9,500 ஆண்டுகள் பழையது. ஆக, கிடைத்த ஆவணங்களின்படி நாய்க்கு 4,500 ஆண்டு சீனியாரிட்டி. மணி விடிய விடியக் குரைத்ததைக் குரைப்பு என்று கொள்ளலாகாது, அது மேல்முறையீடு.

4. ஆய்வுமுறை

முதல் வாரம் தனித்தனி அறை. பூனை படுத்த துண்டை மணிக்கும், மணி படுத்த சாக்கைப் பூனைக்கும் மோந்து பார்க்கக் கொடுத்தோம். மூடிய கதவுக்கு இருபுறமும் சோறு. அடுத்த வாரம் மணியைச் சங்கிலியில் பிடித்துக்கொண்டு தூரத்திலிருந்து பார்வை மட்டும். பூனை தப்பி ஏற அலமாரி உச்சி காலி செய்யப்பட்டது.

இதையெல்லாம் பார்த்த பாட்டி கேட்டாள்: “நான் வாக்கப்பட்டு வந்தப்போ எனக்கு யாருடா துண்டு மோந்து பாக்கக் குடுத்தா?” இக்கேள்வி தனி ஆய்வுக்குரியது.

5. மொழிச் சிக்கல்

நாய் வாலாட்டினால் பெரும்பாலும் நட்பு. பூனை வாலை விசிறினால் எரிச்சல். நாய் மல்லாந்தால் பெரும்பாலும் சரணாகதி. சண்டையில் பூனை மல்லாந்தால் நான்கு கால் நகமும் தயார். வால் ஒன்று, பொருள் இரண்டு. சிலேடைக்குப் பேர்போன காளமேகம் ரசித்திருப்பார், மணி ரசிக்கவில்லை. அதன் மூக்கில் விழுந்த கோடுதான் இப்பகுதிக்குக் கிடைத்த ஒரே உரை.

6. முடிவு

மூன்றாம் வாரம் கதவைத் திறந்தோம். போர் இல்லை. பூனைக்குட்டி சாக்கின் நடுவில் சுருண்டு கிடந்தது. மணி வந்து நின்றது, சாக்கைப் பார்த்தது, எங்களைப் பார்த்தது, பிறகு வெறுந்தரையில் படுத்தது. மோந்து பார்க்க வாங்கிய சாக்கைத் திருப்பித் தரவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. இத்தனை நாள் குரைப்பும் பூனையைப் பற்றியதே அல்ல.

ஆகவே, நாயுள்ள வீட்டுக்குப் பூனை கொண்டுவர எண்ணும் அன்பர்கள் இரண்டுக்கும் தடுப்பூசி போடுக. அதற்கும் முன்பாக, இரண்டாவது சாக்கு ஒன்று வாங்குக.