சேய்மை டீலரும் அண்மைப் பழுதும்: ஆர்.வி. வாரண்டி குறித்த ஓர் ஆய்வு

ஆர்.வி. என்பது வீட்டுக்கு வரும் கோளாறுகளையும் வண்டிக்கு வரும் கோளாறுகளையும் ஒருசேர அனுபவிப்பதற்காக அமெரிக்காவில் விற்கப்படும் வாகனம். கட்டில், அடுப்பு, குளியலறை, கழிவுநீர்த் தொட்டி எல்லாம் சக்கரத்தின் மேல் ஏறியிருக்கும். தானே எஞ்சின் வைத்து ஓடினால் மோட்டார்ஹோம். பிக்கப் வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுத்தால் டிராவல் டிரெய்லர். பிக்கப்பின் முதுகில் மூக்கை மட்டும் ஏற்றி மாட்டிக்கொண்டு பின்னால் வந்தால் ஃபிப்த் வீல். பிரிவு எதுவானாலும், ஒரு வீட்டை மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தில் நெடுஞ்சாலையில் குலுக்கிக்கொண்டு போனால் ஏதாவது ஒன்று கழலும் என்பது இயற்கை. கழன்றதை யார் மாட்டித் தருவது என்பதே இங்கு ஆய்வுப் பொருள். அதிலும் விற்ற டீலர் மூன்று மாநிலங்களுக்கு அப்பாலும், கழன்ற திருகு உள்ளங்கையிலும் இருக்கும் நிலையே தனியாக எடுத்துக்கொள்ளப்படுகிறது.

திருகின் பூர்வீகத்திலிருந்து தொடங்குவது முறை. இந்தியானா மாநிலத்தின் வடக்கு ஓரத்தில் உள்ள எல்க்ஹார்ட், உலகின் ஆர்.வி. தலைநகரம் என்று தன்னை அழைத்துக்கொள்ளும் ஊர். அமெரிக்க ஆர்.வி.க்களில் பத்துக்கு எட்டாவது அந்த வட்டாரத்தில் செய்யப்படுவதாகச் சொல்வது வழக்கம். அங்குள்ள தொழிற்சாலைகளில் ஆமிஷ் சமயத்தார் பெருமளவில் வேலை பார்க்கிறார்கள். மோட்டார் வாகனத்தைச் சொந்தமாக வைத்திருப்பதும் ஓட்டுவதும் அவர்கள் சமய ஒழுங்குக்கு ஆகாது. குதிரை வண்டியில் வீட்டுக்குப் போகிறவர்களும் உண்டு. தாங்கள் செய்வதைத் தாங்களே ஓட்டிப் பார்க்கக் கூடாதென்ற விரதம் பூண்டவர்கள் கைவேலையில் உருவாகும் வாகனம் உலகில் வேறு உண்டா என்பது தனி ஆய்வுக்கு உரியது. அவர்கள் தச்சுவேலையில் குறை சொல்ல இடமில்லை. குறை வேகத்தில் இருக்கிறது. பல தொழிற்சாலைகளில் கூலி முடித்த எண்ணிக்கையைப் பொறுத்தது. விடியுமுன் தொடங்கும் வேலை, அன்றைய எண்ணிக்கை தீர்ந்தால் மதியத்தோடு முடியும். பெருந்தொற்றுக் காலத்தில் ஊரெல்லாம் ஆர்.வி. தேடியபோது, 2021ஆம் ஆண்டில் மட்டும் ஆறு லட்சம் வண்டிகள் தொழிற்சாலைகளிலிருந்து டீலர்களுக்குப் போயின. அவ்வாண்டு ஆணிகள் எவ்வளவு பொறுமையாக அடிக்கப்பட்டிருக்கும் என்பதை ஊகத்துக்கே விட்டுவிடலாம்.

தொலைவில் வாங்குவதற்குக் காரணம் விலை. வேறு காரணம் சொல்பவர்களும் விலையைத்தான் சொல்கிறார்கள். தொழிற்சாலைக்குப் பக்கத்தில், இந்தியானா, ஒஹாயோ, மிச்சிகன் மாநிலங்களில் கடை விரித்திருக்கும் பெரிய டீலர்களுக்கு வண்டியைக் கொண்டுவரும் செலவு குறைவு. விற்கும் எண்ணிக்கையும் அதிகம். பட்டியல் விலையில் கால் பங்கைக் குறைப்பது இந்த வியாபாரத்தில் அதிசயமில்லை. பட்டியல் விலை என்பதே குறைப்பதற்காகப் போடப்படுவதுதான். கலிஃபோர்னியாவில் இருப்பவர் உள்ளூர் டீலர் சொன்ன விலையையும் ஒஹாயோ டீலர் சொன்ன விலையையும் ஒரே தாளில் எழுதிக் கழிக்கிறார். பல்லாயிரம் டாலர் மிச்சம். போகவர டீசல், வழியில் தங்கும் செலவு எல்லாம் அந்தத் தாளில் ஏறிவிடுகின்றன. ஏறாமல் போவது ஒன்றே: வாங்கிய பிறகு வாரண்டி ஓடும் பன்னிரண்டு மாதம்.

அந்தப் பன்னிரண்டு மாதத்தில் ஒரு நாள் உரிமையாளர் உள்ளூர் டீலரின் சர்வீஸ் பிரிவுக்குத் தொலைபேசி செய்வார். அதே கம்பெனி வண்டியை அந்த டீலரும் விற்கிறார். வாசலில் அதே பெயர்ப் பலகை. எதிர்முனையில் இருப்பவர் கோளாறு என்ன என்று கேட்பதற்கு முன்பே கேட்பது, “வண்டிய எங்க வாங்கினீங்க?” இந்தத் துறையின் மூலக் கேள்வி இது. ஒஹாயோ என்ற பதில் போனதும் மறுமுனையில் ஒரு சிறு மௌனம். பிறகு கணினியில் எதையோ தட்டும் ஓசை. “மூணு மாசத்துக்கு டேட் இல்ல சார். நம்மகிட்ட வாங்கினவங்களுக்குத்தான் முதல்ல பாக்குறோம்.” மூன்று மாதம் என்பது கோடை முழுவதும் என்று பொருள்படும், அதைச் சொல்லாமலே விட்டுவிடுவார்.

இதில் வன்மம் தேட வேண்டியதில்லை, கணக்குதான். ஆர்.வி. டீலர் கம்பெனியின் கிளை அல்ல, தனி வியாபாரி. வாரண்டி வேலைக்குக் கம்பெனி கொடுக்கும் கூலி, கைக்காசு கொடுத்துப் பழுதுபார்ப்பவர் தரும் கூலியைவிடப் பல நேரம் குறைவு. ஒரு வேலைக்கு இத்தனை மணி நேரம் என்று கம்பெனியே அட்டவணை வைத்திருக்கும். கோளாறைத் தேடிக் கண்டுபிடித்த நேரமும், படம் எடுத்து அனுப்பி, அனுமதிக்காகக் காத்துக்கிடந்த நேரமும் அதில் பெரும்பாலும் சேராது. ஆக சர்வீஸ் கூடத்தில் காலியாக இருக்கும் ஓர் இடத்தைக் கல்யாணப் பந்தியின் கடைசி இலையாக வைத்துக்கொண்டால், முதலில் கைக்காசுக்காரர், அடுத்து அதே கடையில் வாங்கியவர், மிஞ்சினால்தான் தொலைதூரத்தில் மொய் எழுதிவிட்டு இங்கே சாப்பிட வந்தவர். கார் விஷயத்தில் நிலைமை வேறு. எந்த ஊர் டீலரிடம் போனாலும் கம்பெனி வாரண்டியில் வேலை நடந்துவிடும். அந்தப் பழக்கத்தில்தான் ஆர்.வி. வாங்குபவரும் ஏமாறுகிறார்.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தால், நிறையவே சொல்கிறது. 1975 ஜனவரியில் ஜெரால்டு ஃபோர்டு கையெழுத்திட்ட மாக்னுசன்-மாஸ் வாரண்டிச் சட்டம் இத்துறையின் மூலநூல். (மோட்டார்ஹோம்களுக்குச் சேஸி செய்து தரும் ஃபோர்டு கம்பெனிக்கும் இந்த ஜனாதிபதிக்கும் உறவு இல்லை, இப்படி ஓர் ஐயம் எழக்கூடும் என்பதால் சொல்ல நேர்கிறது.) எழுத்தில் வாரண்டி கொடுத்தால் அது முழுமையானதா வரையறுக்கப்பட்டதா என்று தலைப்பிலேயே சொல்ல வேண்டும் என்கிறது அச்சட்டம். ஆர்.வி. உலகில் வரையறுக்கப்பட்டது தவிர மற்றது கண்ணில் படுவது அரிது. கம்பெனி சொன்ன வாக்கைக் கம்பெனி காப்பாற்ற வேண்டும். ஆனால் வாக்குக் கொடுக்காத உள்ளூர் டீலர் எந்தத் தேதியில் கூடத்தைத் திறந்துவிட வேண்டும் என்பதை அச்சட்டம் தொடவில்லை. தீராப் பழுதுள்ள வண்டியை வாங்கி மாட்டிக்கொண்டவரைக் காக்கும் மாநிலங்களின் ‘லெமன்’ சட்டங்கள் ஊருக்கு ஒருவிதம். சில மாநிலங்கள் மோட்டார்ஹோமின் சேஸி, எஞ்சின் பகுதியை மட்டும் காக்கும். குடியிருக்கும் பகுதியை விட்டுவிடும். கியர் பெட்டி நோய்ப்பட்டால் நீதிமன்றம் போகலாம். கழிவறை நோய்ப்பட்டால் பொறுமைதான்.

வாரண்டிப் புத்தகத்தில் பொறுமையாக வாசிக்கத் தக்கது விலக்குகள் அடங்கிய பகுதி. வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுபோகும் செலவு உரிமையாளருடையது. அந்நாட்களில் ஹோட்டலில் தங்கினால் அந்தச் செலவும் அவருடையது. வழக்குப் போடுவதானால் இந்தியானா நீதிமன்றத்தில்தான் என்று எழுதியிருக்கும் புத்தகங்களும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, நிரந்தரமாகக் குடியிருந்தால் வாரண்டி இல்லை என்ற விதி பல கம்பெனிகளிடம் இருக்கிறது. வீடு போன்ற வசதி என்று விளம்பரம் செய்து விற்ற பொருளில் வீடுபோல் வசித்தது குற்றமாகிறது. மற்றொன்று கூரையின் மூட்டுகளில் பூசியிருக்கும் சீலன்ட்: மூன்று மாதத்துக்கு ஒருமுறை உரிமையாளர் ஏணி வைத்து ஏறிப் பார்த்து வெடிப்பை அடைத்திருக்க வேண்டும் என்று எழுதியிருக்கும். பார்க்கவில்லையென்றால் ஒழுகலுக்கு வாரண்டி பேசாது. பார்த்ததற்குத் தேதியிட்ட படம் இருந்தால் நல்லது.

அடுத்த சிக்கல் பொறுப்பு சிதறிக் கிடப்பது. வண்டியின் மேல் ஒரு கம்பெனியின் பெயர். உள்ளே இருப்பவை வேறு பலருடையவை. குளிர்பெட்டி ஒருவர், ஏ.சி. ஒருவர், ஹீட்டர் ஒருவர், அச்சும் ஸ்லைடு-அவுட் இயந்திரமும் இன்னொருவர், டயர் வேறொருவர், மோட்டார்ஹோமானால் சேஸி இன்னும் ஒருவர். ஒவ்வொருவருக்கும் தனி வாரண்டி, தனிக் காலம், தனி இலவசத் தொலைபேசி எண். குளிர்பெட்டி குளிரவில்லை என்றால் வண்டிக் கம்பெனி குளிர்பெட்டிக்காரரைக் காட்டும். அவர், பின்னால் காற்று போக வழி சரியாக விடாமல் பொருத்தியது வண்டிக் கம்பெனியின் தவறு என்பார். விற்ற டீலர் அருகில் இருந்தால் இருவரையும் சேர்த்து உட்காரவைப்பது அவர் வேலை. தொலைவில் இருந்தால் அந்த வேலை உரிமையாளர் தலையில்.

பழுதுகளில் ஆராய்ச்சிக்கு மிகவும் இடம் தருவது ஒழுகல். ஸ்லைடு-அவுட் என்பது பொத்தானை அழுத்தினால் வண்டியின் பக்கச் சுவரோடு வெளியே நகரும் ஓர் அறைத் துண்டு; உள்ளே இழுத்தால் சுவரோடு பொருந்திக்கொள்ளும். அதன் மேல் மூலையில் ரப்பர் விளிம்பு மடங்கியிருந்தால், மழையன்று இரவு சோபாவுக்கு மேலே பிளைவுட்டில் ஓர் ஈரக்கறை தோன்றும். மூன்று மாதம் காத்திருந்து பட்டறைக்குப் போகும் அன்று வானம் சுத்தமாக இருக்கும். “கோளாறு காணப்படவில்லை” என்று மெக்கானிக் எழுதித் தருவார். திறமையான கடையில் வேறு முறை உண்டு: உள்ளே ஓர் ஊதுவிசிறியைப் பொருத்தி வண்டிக்குள் காற்றழுத்தம் ஏற்றுவார்கள், பின் வெளியே மூட்டு மூட்டாகச் சோப்பு நீரைத் தெளித்துக்கொண்டே வருவார்கள். எங்கே குமிழி விடுகிறதோ அங்கே ஓட்டை. ரப்பர் விளிம்பின் ஓரத்தில் சிறு குமிழிகள் வரிசையாக எழும்பும்போது அருகில் நிற்கும் உரிமையாளர் முகத்தில் வரும் மகிழ்ச்சியைப் பார்த்தால், வீடு ஒழுகுவதற்கு யாரும் இப்படிச் சந்தோஷப்படுவார்களா என்று தோன்றும்.

குமிழி கண்டதோடு வேலை தொடங்கிவிடாது. புகார், காரணம், செய்யவேண்டிய திருத்தம் என்ற மூன்றையும் எழுதி, வண்டி எண், படங்கள் சேர்த்துக் கம்பெனிக்கு அனுப்பி, முன் அனுமதி வாங்க வேண்டும். அனுமதி இல்லாமல் தொட்டால் காசு வராது. பிறகு உதிரிபாகம். அது வரும்வரை வண்டி கடையின் பின்வாசலில் நிற்கும் அல்லது உரிமையாளர் வீட்டுக்கு ஓட்டிப்போய்த் திரும்ப வர வேண்டும். அலமாரிக் கதவு ஒன்றுக்காகக் காத்திருந்து, வேறு நிறத்தில் வந்து சேர்ந்தால், மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

தொலைவில் வாங்கியவர்கள் கைக்கொள்ளும் பரிகாரங்களில் முதன்மையானது தலவாசம். அலபாமாவில் உள்ள சிற்றூரான ரெட் பேயில் டிஃபின் கம்பெனியின் சர்வீஸ் மையம் இருக்கிறது. பக்கத்திலேயே தங்குமிடமும் மின் இணைப்பும் உண்டு. நாட்டின் பல மூலைகளிலிருந்தும் மோட்டார்ஹோம்கள் அங்கு வந்து வரிசையாக நிற்கும். தம் முறை வரும்வரை உரிமையாளர்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒருவர் பழுதை ஒருவர் கேட்பார்கள். ஒஹாயோவின் ஜாக்சன் சென்டரில் ஏர்ஸ்ட்ரீம் வண்டிகளுக்கு இப்படி ஓர் இடம் உண்டு. அயோவாவின் ஃபாரஸ்ட் சிட்டி வின்னிபாகோவுக்கு. செய்த இடத்திலேயே போய் நிற்பதால் மூலக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. டீசல் செலவைக் கூட்டினால் விலையில் மிச்சம் பிடித்தது கரையத் தொடங்கும் என்பது மட்டுமே இதில் குறை.

வீட்டுக்கே வந்து பார்க்கும் மெக்கானிக் இரண்டாவது வழி. கம்பெனி முன் அனுமதி கொடுத்தால் கூலி வரும். வந்துபோன கட்டணம் பெரும்பாலும் உரிமையாளர் பையிலிருந்து. மூன்றாவது வழி எளியது, பரவலானது, புத்தகத்தில் இல்லாதது: கம்பெனி உதிரிபாகத்தைத் தபாலில் அனுப்பும், உரிமையாளர் தாமே மாட்டிக்கொள்வார். கதவுப் பிடி, குழாய், தாழ்ப்பாள் போன்றவற்றுக்கு மூன்று மாதம் காத்திருப்பதைவிட ஸ்குரூடிரைவர் மேல் என்ற முடிவுக்கு வராதவர் குறைவு.

ஆனால் உண்மையான அதிகாரம் கையெழுத்துக்கு முந்தைய நாளோடு முடிந்துவிடுகிறது. இதை அறிந்தவர்கள் ஒஹாயோவுக்குப் போய்ச் சாவியை வாங்கிக்கொண்டு உடனே கிளம்புவதில்லை. டீலரின் வளாகத்திலேயே மின்சாரமும் தண்ணீரும் இணைத்து ஓரிரவு படுக்கிறார்கள். எல்லாக் குழாயையும் திறந்துவிட்டுக் கீழே டார்ச் அடித்துப் பார்க்கிறார்கள். குளிர்பெட்டியை எரிவாயுவிலும் மின்சாரத்திலும் ஓட்டுகிறார்கள். ஸ்லைடு-அவுட்டைப் பலமுறை வெளியே விட்டு உள்ளே இழுக்கிறார்கள். காலையில் நீண்டதொரு பட்டியலோடு விற்பனையாளர் மேசைக்குப் போகிறார்கள். காசோலை இன்னும் சட்டைப் பையில் இருப்பதால், மூன்று மாதத்துக்கு இடமில்லாத சர்வீஸ் கூடத்தில் அன்று மதியமே இடம் கிடைக்கிறது.

கடைசியாகக் காலம் பற்றி. வாரண்டியின் ஓராண்டு வண்டியைக் கையில் வாங்கிய நாளிலிருந்து ஓடத் தொடங்கும். பட்டறையில் நின்ற வாரங்களைப் பெரும்பாலான புத்தகங்கள் திருப்பித் தருவதில்லை. பன்னிரண்டாம் மாதம் முடிந்த மறுநாள் உரிமையாளர் அதே உள்ளூர் டீலருக்குத் தொலைபேசி செய்து, வாரண்டி தீர்ந்துவிட்டது, காசு கொடுத்தே செய்துகொள்கிறேன் என்று சொன்னால், எங்கே வாங்கினீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. அடுத்த வாரத்திலேயே தேதி கிடைக்கும். கூலி மணிக்கு 150 டாலருக்கு மேல் என்பது பல ஊர்களில் வழக்கம். உதிரிபாகம், வரி தனி. கார்டு, காசோலை இரண்டும் வாங்கிக்கொள்வார்கள்.