மேம், இவனைப் பாருங்க: மந்திர் மார்க் ஆரம்ப வகுப்புகளின் புகார் இலக்கணம்

ஆசிரியருக்கு இலக்கணம் சொன்ன பவணந்தி முனிவர் நல்லாசிரியரை நிலம், மலை, நிறைகோல், மலர் என்ற நான்கோடு ஒப்பிட்டார். மாணாக்கரையும் விட்டுவைக்கவில்லை. அன்னம், பசு, கிளி என்று ஆரம்பித்து ஓட்டைக் குடம், ஆடு, எருமை, நெய்யரி வரை தரம் பிரித்துவிட்டார். 13ஆம் நூற்றாண்டில் நன்னூல் செய்த அந்தப் பெரியவர் ஓர் இடத்தை மட்டும் காலியாக விட்டுப் போனார். அன்னம் எழுந்து நின்று, "மேம், இந்த எருமை என் ரப்பரை எடுத்துக்கிச்சு" என்று சொன்னால் மலை என்ன செய்ய வேண்டும்? எழுநூறு ஆண்டுகளுக்கும் மேலாக நிரப்பப்படாத அந்த இடத்தில் துண்டு போட்டு உட்காரும் முயற்சியே இக்கட்டுரை.

ஆய்வுக்களமாக மந்திர் மார்க்கை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. டெல்லியின் மற்ற சாலைகளில் கடைக்கு அடுத்து கடை இருக்கும். இங்கே பள்ளிக்கு அடுத்து பள்ளி. வைஸ்ராய் ரீடிங் பிரபுவின் பெயரில் ரீடிங் ரோடு என்று இருந்த சாலை இது. பிர்லா மந்திரைச் சாதி பாராமல் எல்லோரையும் உள்ளே விட வேண்டும் என்ற நிபந்தனையோடு காந்தி 1939இல் திறந்துவைத்தார். பிற்பாடு சாலையே மந்திர் மார்க் ஆயிற்று. கோயிலுக்குப் பக்கத்தில் காளி பாரி. வங்காளிகளுக்கு ரைசினா பெங்காலி பள்ளி, பெண் குழந்தைகளுக்கு செயின்ட் தாமஸ், இன்னொரு பக்கம் ஹார்கோர்ட் பட்லர் பள்ளி. தமிழர்களுக்குத் தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி. கோடை வந்தால் அரசாங்கமே மூட்டை கட்டிக்கொண்டு சிம்லாவுக்கு ஏறிய காலத்தில், 1923இல், தெற்கிலிருந்து வந்த குமாஸ்தாக்களின் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய கழகம் அது. இன்று தலைநகரில் பல பள்ளிகள் நடத்துகிறது. ஆகவே இந்த ஒரே சாலையில் புகாரைத் தமிழிலும் வங்காளியிலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் கேட்கலாம். பெரும்பாலும் நான்கையும் கலந்து ஒரே வாக்கியத்தில் கேட்கலாம்.

இதே சாலையில் உள்ள வால்மீகி கோயிலில் காந்தி 1946-47இல் தங்கியிருந்தபோது, அந்தக் குடியிருப்புக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். கேபினட் மிஷன்காரர்களும் காங்கிரஸ்காரர்களும் அதே வளாகத்துக்குக் கொண்டுபோன புகார்கள் தொகுதி தொகுதியாக அச்சாகிவிட்டன. "பாபு, இவன் என் ஸ்லேட்டை அழிச்சுட்டான்" வகை வழக்குகள்தாம் அச்சேறவில்லை. வரலாற்றாசிரியர்கள் எதை முக்கியம் என்று கருதுகிறார்கள் என்பதற்கு இது ஒரு சான்று. அவர்கள் கருதுவது சரியா என்பது வேறு.

இனி வகைமை. தொல்காப்பியர் வாழ்க்கையை அகம், புறம் என்று பிரித்தார். ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரையிலான புகார்களுக்கும் அந்தப் பிரிவினை அச்சுப் பிசகாமல் பொருந்துகிறது. "இவன் என்னைக் கிள்ளினான்" என்பது அகப்புகார். "மேம், அவன் பேப்பரைத் தின்னுறான்" என்பது புறப்புகார். பேப்பர் தின்றவனுக்கும் புகார் சொன்னவனுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை, பேப்பரும் தின்றவனுடையதே. எண்ணிக்கையில் புறமே மிகும் என்பது அனுபவப்பட்ட ஆசிரியைகள் ஒருமுகமாகச் சொல்வது. சட்டக் கல்லூரிகளில் பொதுநல வழக்கு என்று கற்பிப்பதை இரண்டாம் வகுப்பில் கற்பிக்க வேண்டியதே இல்லை.

புறப்புகாரின் சிகரம் என்று ஒன்றைச் சொல்லலாம்: "மேம், இவன் பிரேயர்ல கண்ணைத் திறந்திருந்தான்." இதை முதன்முறை கேட்கும் இளம் ஆசிரியை, "நீ எப்படிப் பார்த்தே?" என்று கேட்டு வென்றுவிட்டதாக நினைப்பார். அடுத்த நிமிடம் மூன்றாவது குழந்தை எழுந்து, "ஆமாம் மேம், ரெண்டு பேருமே திறந்திருந்தாங்க" என்னும். சாட்சிகள் பெருகப் பெருகக் குற்றவாளிகளும் பெருகும் வழக்கு உலக நீதி வரலாற்றில் இது ஒன்றுதான். விசாரணையைத் தொடர்ந்தால் கடைசியில் ஆசிரியையும் கண்ணைத் திறந்திருந்தது வெளிப்படும் அபாயம் உண்டு என்பதால், மூத்தவர்கள் இந்த வழக்கை முளையிலேயே தள்ளுபடி செய்துவிடுகிறார்கள்.

அகத்தில் முதலிடம் எல்லைத் தகராறுக்கு. டெஸ்கின் நடுவே பென்சிலால் கிழித்த ஒரு கோடு. இதைக் கிழித்தவன் இன்னொரு செக்ஷனுக்குப் போயிருப்பான்; கோடு போகாது. மக்மோகன் கோடு போட்ட சிம்லா மாநாடு 1914இல் முடிந்தது, அந்தக் கோட்டுச் சண்டை இன்னும் முடியவில்லை. டெஸ்க் கோடுகளுக்கும் அதே ஜாதகம். வலது கைக்காரனும் இடது கைக்காரனும் அக்கம்பக்கத்தில் உட்கார்ந்தால் இரண்டு முழங்கைகளும் ஒரே நேரத்தில் எல்லை தாண்டும். அப்போது இருவரும் ஒரே மூச்சில் புகார் தருவார்கள். இருவர் சொல்வதும் உண்மையாக இருக்கும்.

ரப்பர் வழக்குதான் கட்டுரையாளரின் விருப்பத்துக்குரியது. பொருள் மலிவு, வாதம் கனம். என்னுடையது என்று நிறுவ மூன்று வழிகள் நடைமுறையில் உள்ளன: மூலையில் பல் தடம், பேனாவால் எழுதிய முதலெழுத்து, முகர்ந்து பார்த்தால் ஸ்டிராபெர்ரி வாசம். மூன்றும் எதிராளியின் ரப்பரிலும் இருக்கும், ஏனென்றால் இருவரும் ஒரே கடையில் வாங்கி, ஒரே மாதிரி கடித்து, ஒரே முதலெழுத்தில் பெயர் கொண்டவர்கள். நம் மரபில் இதற்கு முன்னுதாரணம் மதுரையில் நடந்திருக்கிறது. சிலம்பின் உள்ளே இருப்பது முத்தா மாணிக்கமா என்று உடைத்துப் பார்த்தபோதுதான் உண்மை தெரிந்தது. மந்திர் மார்க்கிலும் உடைக்கிறார்கள். "உள்ளே பச்சைக் கலர் இருந்தா என்னுது" என்று வாதி சொல்ல, ரப்பர் இரண்டாகிறது. உள்ளே வெள்ளை. அரை ரப்பரை ஆளுக்கொன்றாக வைத்துக்கொண்டு இருவரும் அழ, பாண்டியன் உயிரைக் கொடுத்த இடத்தில் ஆசிரியை ஒரு கணக்கு பீரியடைக் கொடுக்கிறார்.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்க்க வேண்டாமா? 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், ஆசிரியர் நேரத்துக்கு வர வேண்டும், பாடத்திட்டத்தை முடிக்க வேண்டும், பெற்றோரைச் சந்திக்க வேண்டும் என்றெல்லாம் 24ஆம் பிரிவில் கடமைகளை அடுக்குகிறது. ரப்பர் பற்றி ஒரு சொல் இல்லை. குறை தீர்ப்பதற்கென்று 32ஆம் பிரிவு இருக்கிறது. எழுத்து மூலமாகப் புகார் கொடுத்தால், இரு தரப்பையும் கேட்டு, உள்ளாட்சி அமைப்பு மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். மூன்று மாதம்! ஒன்றாம் வகுப்பில் மூன்று விநாடி தாண்டினால் வாதி சிணுங்க ஆரம்பித்துவிடுவான். 17ஆம் பிரிவு அடிக்கக் கூடாது என்கிறது, மிகச் சரி. ஆகவே இந்த நீதிமன்றத்தின் கையில் உள்ள உச்சபட்சத் தண்டனை இடம் மாற்றி உட்கார வைப்பது ஒன்றே. புதிய இடத்தில் புதிய அண்டைவீட்டுக்காரர், புதிய கோடு.

அதே சட்டத்தின் அட்டவணை 30 குழந்தைகளுக்கு ஓர் ஆசிரியர் என்ற விகிதத்தைச் சொல்கிறது. கருணையான ஏற்பாடுதான். ஆனால் 30 பேரில் ஒவ்வொருவரும் மற்ற 29 பேர் மேல் ஒரே ஒரு முறை புகார் கொடுத்தால் 870 வழக்கு. ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 200 வேலை நாள், 800 மணி நேரப் பாடம் என்று அதே அட்டவணை குறிக்கிறது. வழக்குக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினால், உயிரெழுத்தில் ஒன்றுகூடக் கற்பிக்காமல், 70 வழக்கு அடுத்த ஆண்டுக்கு நிலுவையில் போகும். நாட்டின் நீதிமன்றங்களைக் குறை சொல்வோர் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

பிரதிவாதி தரப்பின் ஒரே வாதம், "தெரியாம பட்டுடுச்சு மேம்." உடனே வாதி, "இல்ல மேம், ஜான்பூஜ்கே பண்ணினான்." குற்றத்துக்கு மனம் வேண்டுமா, செயல் போதுமா என்ற இந்தக் கேள்வியை சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே 1932இல் வெளியிட்ட நூலில் ஆராய்ந்தார். தெரியாமல் 15 கோப்பைகளை உடைத்த குழந்தையும், செய்யக் கூடாததைச் செய்யப்போய் ஒரே ஒரு கோப்பையை உடைத்த குழந்தையும் வரும் கதைகளைச் சொல்லி, யார் மோசம் என்று கேட்டார். சின்னக் குழந்தைகள் பதினைந்தை உடைத்ததே மோசம் என்றார்கள்; பெரிய குழந்தைகள் எண்ணத்தைப் பார்த்தார்கள். சுவிட்சர்லாந்துக் கோப்பையின் இடத்தில் தண்ணி பாட்டிலை வைத்தால் ஆய்வு அப்படியே மந்திர் மார்க்குக்கும் பொருந்தும். ஆனால் பியாஜே ஒரு சமயத்தில் ஒரு குழந்தையை விசாரித்தார். முப்பது பேரும் ஒரே நேரத்தில் பதில் சொன்னால் அவருடைய முடிவுகள் என்ன ஆகியிருக்கும் என்பது சிந்திக்கத்தக்கது.

அதிகார வரம்புக்கு அப்பாற்பட்ட புகார்களும் வருகின்றன. சாலையின் பின்னால் ரிட்ஜ் காடு, காட்டில் குரங்குகள், குரங்குகளுக்குச் சாப்பாட்டு மணி எப்போது அடிக்கும் என்பது அத்துப்படி. "மேம், பந்தர் என் பராட்டாவை எடுத்துட்டுப் போயிடுச்சு" என்ற வழக்கில் பிரதிவாதி மதில் மேல் உட்கார்ந்து சாட்சியத்தைத் தின்றுகொண்டிருக்கும். இது சாமானியமான எதிராளி அல்ல. டெல்லிக் குரங்குகளைப் பிடித்து அசோலா பாட்டி சரணாலயத்தில் விடச் சொல்லி 2007இல் உயர் நீதிமன்றமே உத்தரவிட்டது. பிறகு, சாம்பல் மந்தி போலக் குரல் எழுப்பிக் குரங்குகளை விரட்டுவதற்கு நகராட்சி 40 பேரை அமர்த்தியிருப்பதாக 2014இல் மாநிலங்களவையில் பதில் வந்தது. உயர் நீதிமன்றமும் நாடாளுமன்றமும் கைவைத்த விஷயத்தில் மூன்றாம் வகுப்பு ஆசிரியை, "சரி, என் டப்பாவிலேர்ந்து ஒரு இட்லி எடுத்துக்கோ" என்று தீர்த்துவைப்பதைச் சட்ட இதழ்கள் கவனிக்கவில்லை.

குற்றம் இல்லாமல் புகார் உண்டாகுமா? இந்தக் கேள்விக்கு டெல்லியின் காற்று உதவியது. மந்திர் மார்க்கில் காற்றின் தரத்தை அளக்கும் நிலையம் ஒன்று இருக்கிறது. நவம்பரில் நகரத்துக் காற்று மோசமானால் முதலில் வீட்டுக்கு அனுப்பப்படுவது ஐந்தாம் வகுப்பு வரைதான். 2024 நவம்பரிலும் ஆரம்ப வகுப்புகள் ஆன்லைனுக்கு மாறின. ஆளுக்கொரு வீடு, ஆளுக்கொரு திரை. கிள்ள முடியாது, ரப்பர் எடுக்க முடியாது, முழங்கை எல்லை தாண்டாது. புகார் குறைந்ததா? "மேம், அவன் கேமராவை ஆஃப் பண்ணிட்டு மேகி சாப்பிடறான்." "மேம், அவ என்னைப் பார்த்து நாக்கை நீட்டுறா." முப்பது சதுரங்கள் உள்ள திரையில் நாக்கு தன்னை நோக்கித்தான் நீண்டது என்று அந்தக் குழந்தை எப்படிக் கண்டது என்பது தனி ஆய்வுக்குரியது. குற்றம் இல்லாவிட்டாலும் புகார் ஜீவிக்கும் என்பது மட்டும் உறுதியாயிற்று.

பள்ளி விட்ட பிறகு ஆசிரியை நீதிபதி இருக்கையிலிருந்து இறங்கிவிடுவதாக ஒரு கருத்து உலவுகிறது. அது தவறு. ராமகிருஷ்ணா ஆசிரம மார்க் மெட்ரோவில் ஏறி, லேடீஸ் கோச்சில் இரண்டு பெண்கள் ஒரு சீட்டுக்குச் சண்டை போட்டால், அவர் வாய் தானாக, "யார் முதல்ல ஆரம்பிச்சது?" என்று கேட்கும். இரவு ஒன்பதுக்கு மேல் வாட்ஸாப்பில் மேல்முறையீடுகள் வரும்: தண்ணி பாட்டில் மூடி மாறிப் போயிருக்கிறது, என் மகளை ஏன் மூன்றாவது பெஞ்சுக்கு மாற்றினீர்கள், ஸ்வெட்டர் நம்முடையது இல்லை. ஒருவர் கேட்டதும் மற்ற பெற்றோர் வரிசையாகக் கைகூப்பும் பொம்மைகளைப் போடுவார்கள். அவை எந்தத் தரப்புக்கு ஆதரவு என்பது யாருக்கும் விளங்காது. பாடம் தவிர்த்த வேலைகளில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர், தேர்தல் மூன்றுக்கு மட்டும் ஆசிரியரை அனுப்பலாம் என்று சட்டம் அனுமதிக்கிறது. வாக்காளர் பட்டியலைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனால் அங்கேயும், "பக்கத்து வீட்டுக்காரர் பேர் இருக்கு, என் பேர் இல்லை." வயது நாற்பது கூடியிருக்கும், குரல் அதே குரல்.

இவ்வளவையும் தொகுத்துப் பார்த்தால், புகார் சொல்பவன் தீர்ப்பு கேட்கவில்லை என்ற முடிவுக்கு வர வேண்டியிருக்கிறது. உண்மையாகவே விசாரிக்க முற்படும் ஆசிரியைக்கு நேர்வதைப் பாருங்கள்: இரு தரப்பையும் கூப்பிட்டு நிறுத்தினால், வாதியும் பிரதிவாதியும் ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டுக்கொண்டு, "இல்ல மேம், நாங்க சும்மா விளையாடினோம்" என்பார்கள். விசாரித்தவர்தான் குற்றவாளி போல நிற்க வேண்டும். திருவாரூரில் மனுநீதிச் சோழன் கட்டிய மணி போலத்தான் ஆசிரியையின் மேஜையும். சோழனின் மணியை அடித்தது ஒரே ஒரு பசு, அதற்கே அவன் மகன் மேல் தேரை ஓட்ட வேண்டியதாயிற்று. இவரோ கற்றுக்கொண்டுவிட்டார். நோட்டுத் திருத்துவதை நிறுத்தாமல், தலை நிமிராமல், "அப்படியா? நான் கூப்பிட்டேன்னு அவன்கிட்ட சொல்லு" என்பார். வாதி பெருமையாகப் போய்ச் சொல்வான். யாரும் வர மாட்டார்கள். வழக்கு முடிந்தது. இதன் சுருக்க வடிவம், "சரி, நான் பார்க்கிறேன். உட்கார்."

இந்தத் தீர்ப்பின் வீச்சைச் சோதிக்க ஸ்டாஃப் ரூம் வாசலில் நின்றால் போதும். ஃப்ரீ பீரியடில், வராத ஆசிரியருக்குப் பதிலாக வேறு வகுப்புக்குப் போகச் சொல்வதற்கு இங்கே அரேஞ்ச்மென்ட் என்று பெயர். இருபது வருஷ சர்வீஸ் உள்ள ஒரு ஆசிரியை தலைமையாசிரியையின் அறைக்குள் போய், "மேம், அவங்களுக்கு இந்த வாரம் ஒரு அரேஞ்ச்மென்ட்கூட இல்லை, எனக்கு மட்டும் தினமும் போடறாங்க. என் சிவப்புப் பேனாவையும் யாரோ எடுத்துட்டாங்க" என்கிறார். தலைமையாசிரியை கம்ப்யூட்டரிலிருந்து முகத்தைத் திருப்பாமல், "சரி, நான் பார்க்கிறேன். கிளாசுக்குப் போங்க" என்கிறார். ஆசிரியை முகம் தெளிந்து கிளாசுக்குப் போகிறார்.