குடும்பத்தைப் பென்சில்ல எழுதும்

என்ன மருமவனே, கிணத்துச் செவத்துல தொங்கிக்கிட்டு என்னத்தைப் பிடுங்குதீரு? மயில்சிகையா! பிடுங்கும், பிடுங்கும். வேரோட வந்தாத்தான காலேஜுல மார்க்கு.

ஒரு சாண் ஒசரம் தேறாது. அதுக்குள்ள பனங்கன்னு கணக்கா விசிறிய விரிச்சுக்கிட்டு என்னா பவுசு! வெயிலடிச்சா சுருண்டு செத்த மாதிரி கெடக்கும். ஒரு மழை விழட்டும், எந்திரிச்சு ஒக்காந்துரும். இந்தப் பெரணிக்குக் குலங்கோத்திரம் பாக்கத்தான் உம்ம தாவரவியல் ஆளுக இந்தப் பாடு பட்டாங்க.

சுவீடன் தேசத்து சுவார்ட்ஸ் இதை அஸ்பிளீனியம்ங்கிற பெரணிப் பேரினத்துல சேத்துட்டாரு. அவரைக் குத்தஞ்சொல்லப்படாது. இலையத் திருப்பிப் பாரும், நீளக்கோடா பழுப்பு ஓடுதுல்லா? அஸ்பிளீனியத்துக்கும் கோடு உண்டு. ஆனா லென்ஸ வச்சுப் பாத்தாத் தெரியும் சேதி. அங்க வித்துக்கூட்டத்தை மூடுறதுக்குன்னே தனிச் சவ்வு இருக்கும். இங்க அதெல்லாம் கெடையாது; இலை ஓரமே உள்ள மடிஞ்சு போத்திக்கிடும். 1841ல ஜெர்மனிக்காரரு லிங்க், ஆக்டினியாப்டெரிஸ்னு தனிப் பேரினமே ஆக்கிட்டாரு. ஆப்பிரிக்கா, மடகாஸ்கர், அரேபியா, நம்ம பக்கம்னு சல்லடை போட்டு அரிச்சாலும் அதுல அஞ்சாறு இனம் தேறுனாப் பெருசு.

பேரு முடிஞ்சுது. குடும்பம்? அங்கதானய்யா வழக்கு. யார் சாடையும் இல்லாத பிள்ளைய என்ன செய்ய? 1962ல இத்தாலிக்காரரு பிச்சி செர்மோல்லி தனிக்குடித்தனம் வச்சுக் குடுத்துட்டாரு, ஆக்டினியாப்டெரிடேசின்னு. ஒத்தைப் பேரினத்துக்கு ஒரு குடும்பம், ரேசன் கார்டு மட்டுந்தான் பாக்கி!

பெறகு டிஎன்ஏவ எடுத்துப் பாத்தா, இதுக்குக் கூடப்பிறந்தவ ஓனிக்கியமாம். அவ இலை இழை இழையாப் பிரிஞ்சு கெடக்கும், இவ விசிறி. பொண்ணு பாக்க வந்தவன்கிட்ட ரெண்டு பேரும் அக்கா தங்கச்சின்னா நம்புவானா? 2016ல உலகத்துப் பெரணிக்காரங்க எல்லாங் கூடிப் போட்ட பட்டியல்ல ரெண்டு பேருமே டெரிடேசியிலதான். அம்பது பேரினத்துக்கு மேல கெடக்குற கூட்டுக்குடும்பம். இதுல இவ எந்த மூலையில இருக்கான்னு தேடித்தான் பிடிக்கணும்.

அதனால சொல்லுதேன், ஒட்டுற தாள்ல பேரினத்தை மையில எழுதும். 1841ல வச்ச பேரு, அசையாம நிக்குது. குடும்பத்தைப் பென்சில்ல எழுதும். உம்ம வாத்தியாரு பழைய புத்தகத்தை வச்சிருந்தாருன்னா அதுல உள்ளதை எழுதிக் கையெழுத்தை வாங்கிட்டு, வீட்டுல வந்து அழிச்சுட்டு டெரிடேசின்னு மாத்திக்கிடும். அவருகிட்டப் போயி டிஎன்ஏ கிஎன்ஏன்னு வாயத் தெறந்துராதயும். இன்டர்னல் மார்க்கு அவரு கையிலல்லா இருக்கு.