ஈழமும் கொண்ட, எங்கள் தெருவும் கொண்ட

பெருங்களத்தூரிலிருந்து ஜிஎஸ்டி ரோட்டைப் பிடித்துத் தெற்கே போனால் மதுராந்தகம் வரும். 'மதுரைக்கு எமன்' என்று சோழர்கள் வைத்துக்கொண்ட பட்டம் அது. இப்போது மதுரைக்காரர்கள் அங்கே வண்டியை ஓரங்கட்டி, டீ குடித்துவிட்டு நிம்மதியாக ஊர் போய்ச் சேருகிறார்கள்.

முதலாம் பராந்தகன் மதுரையைப் பிடித்தது நிஜம்தான். தோற்ற பாண்டியன் ராஜசிம்மன், மணிமுடியை இலங்கை அரசனிடம் கொடுத்துவைத்துவிட்டுக் கேரளத்துக்குப் போய்விட்டான். முடி இல்லாமல் மதுரையில் எப்படி முடிசூடுவது? பராந்தகன் கேட்டனுப்பினான். அப்போது இலங்கையை ஆண்ட உதயன் தர மறுத்தான். படை போனது. உதயன் முடியைத் தூக்கிக்கொண்டு தென்னிலங்கையின் ரோகணத்துக்குள் புகுந்துகொண்டான். சோழப்படை வெறுங்கையோடு திரும்பியது. கல்வெட்டில் மட்டும் 'மதுரையும் ஈழமும் கொண்ட' என்று ஜம்மென்று ஏறிவிட்டது. உளி பிடித்தவனா போய்க் கேட்பான், "ஐயா, அந்த முடி எங்கே?" என்று! அதை எடுத்துவர எள்ளுப்பேரன் ராஜேந்திரன் பிறக்க வேண்டியிருந்தது.

வெள்ளைக்காரன் இதில் நம்மைத் தூக்கிச் சாப்பிட்டுவிடுவான். 1340-இல் மூன்றாம் எட்வர்ட் 'பிரான்சின் அரசன்' என்றும் போட்டுக்கொண்டார். 1558-இல் கடைசித் துண்டான கலேயும் போனது. பட்டத்தை 1801 வரை விடவில்லை. நடுவில் 1746-இல் பிரெஞ்சுக் கப்பல்கள் வந்து நம் செயின்ட் ஜார்ஜ் கோட்டையைப் பிடித்தன. அதாவது, பட்டத்தின்படி பிரான்சுக்கும் அரசரான இரண்டாம் ஜார்ஜின் ஆட்களை, அவருடைய 'குடிமக்களே' கைதிகளாகப் புதுச்சேரிக்கு நடத்திப் போனார்கள்!

எங்கள் தெருவிலும் ஒரு சக்கரவர்த்தி உண்டு. பெயிண்ட் டப்பாவில் சிமென்டைக் கொட்டி, பிவிசி குழாய் ஒன்றை நட்டு, 'நோ பார்க்கிங்' அட்டை மாட்டி வாசலுக்கு எதிரே வைத்திருக்கிறார். அட்டையில் கீழே, சிவப்பு மையில்: 'மீறினால் காற்று பிடுங்கப்படும்.' மெய்க்கீர்த்தி இத்தனை சுருக்கமாக அமைவது அபூர்வம்.

"ஏன் சார், இது தாம்பரம் மாநகராட்சி ரோடாச்சே?" என்றேன்.

"ரோடு அவங்களுது. இந்த இடம் என்னுது."

"உங்ககிட்ட கார் இல்லையே?"

"பையன் அமெரிக்காவுலேர்ந்து வந்தா கால் டாக்சி எங்க நிக்கும்?"

போன வாரம் இரண்டாவது டப்பா வந்திருக்கிறது. அது என் கேட்டுக்கு முன்னால்.