ரப்பரை எடு, கார்டைத் தேய்!

தூசு தட்டுபவன், திருச்சி: இன்றைய கிராபிக்ஸ் கார்டுகள் அசுர வேகத்தில் ஓடும்போது, 1996-ம் வருஷத்து வூடூ கார்டை ஏன் சிலர் வலைவீசித் தேடுகிறார்கள்?

அந்த நாளைய விளையாட்டுகள் பல, வூடூவோடு ‘கிளைடு’ என்கிற அதன் சொந்தப் பாஷையில் பேசும். புதுக் கார்டுக்கு அது புரியாது. நடுவில் துபாஷி மாதிரி ஒரு மென்பொருளை உட்காரவைத்து ஆடலாம்தான். ஆனால் சம்பந்தியோடு துபாஷி வைத்துச் சண்டை போட்டால் ருசிக்குமா?

இருட்டில் இருப்பவர், ஈரோடு: வூடூ கார்டைச் செருகி, மானிட்டரை அதில் மாட்டினேன். திரை கன்னங்கரேல். ஏமாந்துவிட்டேனா?

இல்லை. 3டிஎஃப்எக்ஸ் கம்பெனியின் முதல் வூடூவுக்கு முப்பரிமாணம் மட்டும்தான் தெரியும். விண்டோஸ் திரையைக் காட்ட இன்னொரு சாதாரணக் கார்டும் பெட்டிக்குள் இருக்க வேண்டும். சாதாரணக் கார்டின் விஜிஏ முனையிலிருந்து ஒரு குட்டி ஒயர், பெட்டிக்கு வெளியிலேயே சுற்றி வூடூவுக்குப் போகும். வூடூவிலிருந்து மானிட்டருக்கு இன்னொன்று. விளையாட்டு தொடங்கும்வரை வூடூ வெறும் வாட்ச்மேன். வருகிற படத்தை அப்படியே உள்ளே விடும். தொடங்கியதும் வாட்ச்மேனே கதாநாயகன். ‘ஆர்க்கிட் ரைட்டியஸ் 3டி’ கார்டில் இந்த வேஷ மாற்றத்தை ஒரு ரிலே செய்கிறது. ‘டிக்’ என்று காதில் விழும். பாதி சந்தோஷம் அந்த ‘டிக்’கில்தான்.

ரசனைக்காரன், ராசிபுரம்: எண்பதுகளின் பிசி விளையாட்டுகளில் மனிதன், மரம், மாடு எல்லாமே சயான், மெஜந்தா. ஓவியருக்குக் கண் கோளாறா?

கோளாறு பர்ஸில். 1981-ல் ஐபிஎம் விட்ட சிஜிஏ கார்டில் நினைவகம் மொத்தமே 16 கேபி. 320-க்கு 200 என்றால் 64,000 புள்ளிகள். புள்ளிக்கு 2 பிட் கொடுத்தாலே 16,000 பைட் காலி. 2 பிட்டில் நாலு நிறம்தான் அடங்கும். பின்னணி நிறம் நம் இஷ்டம். மற்ற மூன்றும் செட்டாக வரும். சயான், மெஜந்தா, வெள்ளை ஒரு செட். பச்சை, சிவப்பு, பழுப்பு இன்னொரு செட். அளவுச் சாப்பாட்டில் போய் அவியல் ஏன் இல்லை என்று கேட்கலாமா?

பெரிய மனுஷி, பெரம்பூர்: பழைய கார்டுகளில் உங்கள் மனசைத் தொட்டது எது?

1982-ல் வந்த ஹெர்குலஸ். காரணம், தாய்மொழிப் பற்று! தாய்லாந்துக்காரரான வான் சுவான்னுகுல், தன் முனைவர் பட்ட ஆய்வேட்டைத் தாய் எழுத்தில் எழுத ஆசைப்பட்டார். ஐபிஎம்மின் ஒற்றை நிறக் கார்டில், உள்ளே பொறித்துவைத்த எழுத்துகள் மட்டுமே வரும். சிஜிஏவின் புள்ளிகளோ தாய் எழுத்தின் சுழிகளுக்கு ஒத்துவராத முரடு. மனிதர் 720-க்கு 348 புள்ளிகளில் எதையும் வரையக்கூடிய கார்டை தானே உருவாக்கிவிட்டார். தாய் எழுத்துக்கு, கெமர் வழியாக, பல்லவர் எழுத்துதான் மூதாதை. ஆக, ஹெர்குலஸ் நமக்குப் பங்காளி வீட்டுப் பிள்ளை.

அவசரக்காரன், ஆம்பூர்: ஏஜிபி ஸ்லாட்டில் கார்டு இறங்க மறுக்கிறது. கொஞ்சம் அழுத்தினால் போகுமா?

போகும். மதர்போர்டும் கூடவே போகும். கார்டின் அடியில் உள்ள வெட்டைப் பாருங்கள். திருகு மாட்டும் தகட்டுக்குப் பக்கத்தில் இருந்தால் 3.3 வோல்ட். தகட்டிலிருந்து தள்ளி இருந்தால் 1.5 வோல்ட். இரண்டும் இருந்தால் இரண்டு ஸ்லாட்டிலும் உட்காரும். சில கார்டுகளில் வெட்டே பொய் சொல்வதுண்டு. சிப்பின் பெயரைப் படித்து, அதற்கு எத்தனை வோல்ட் என்று பார்த்த பிறகே சுவிட்ச் பக்கம் கை போகட்டும்.

ஜோடி தேடுபவர், ஜோலார்பேட்டை: வூடூ 2 கார்டை இரண்டிரண்டாக வாங்குகிறார்களே, ஒன்று கெட்டால் இன்னொன்றா?

இல்லை, இரண்டுக்கும் ஒரே நேரத்தில் வேலை. 1998-ல் வந்த இந்தக் கார்டில் ஒன்று ஒற்றைப்படை வரிகளையும் மற்றது இரட்டைப்படை வரிகளையும் வரையும். தனியாக 800-க்கு 600 வரை போகிற கார்டு, ஜோடி சேர்ந்தால் 1024-க்கு 768. இரண்டிலும் நினைவகம் ஒரே அளவாக இருக்க வேண்டும். வண்டிமாட்டுக்கு ஜோடி பார்ப்பது போலத்தான். ‘எஸ்எல்ஐ’ என்ற இந்த ஏற்பாட்டின் பெயரைப் பிறகு 2004-ல் என்விடியா எடுத்துக்கொண்டது. விரிவாக்கம் மட்டும் வேறு.

சமையல்காரன், சிவகாசி: செத்த கார்டை ஓவனில் வைத்தால் பிழைக்குமாமே?

சில நாள் எழுந்து உட்காரும், பிறகு மறுபடி படுத்துவிடும். பழைய கார்டின் புகை பட்ட அதே ஓவனில், அடுத்த வாரம் கேக் வேறு செய்வீர்கள். வேண்டாம்.

படம் தெரியாதவர், பழனி: வேறு என்னதான் வைத்தியம்?

பள்ளிக்கூட ரப்பர். ஸ்லாட்டுக்குள் போகும் தங்க நிறப் பற்களை மெல்லத் தேயுங்கள். துகளை பிரஷ்ஷால் தட்டி, ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடையுங்கள். கம்ப்யூட்டர் மெக்கானிக்குகள் ராமுக்குச் செய்கிற அதே பூஜைதான். பிறகு கபாசிட்டர்களின் தலையைப் பாருங்கள். தட்டையாக இருந்தால் நலம். பூரி மாதிரி உப்பியிருந்தால், மாற்றிய பிறகே கரண்ட்.

பேராசைக்காரன், பொள்ளாச்சி: வூடூ 5 6000 ஒன்று மலிவாக வருகிறது. வாங்கலாமா?

அது கடைக்கே வராத கார்டு. நாலு சிப், சுவரில் செருகத் தனி மின்பெட்டி என்று தடபுடலாகத் திட்டமிட்டார்கள். சோதனைக்குச் செய்த மாதிரிகளோடு கதை முடிந்தது. 2000 டிசம்பரில் 3டிஎஃப்எக்ஸ் கம்பெனியே தன் சொத்துகளை என்விடியாவுக்கு விற்பதாக அறிவித்தது. மலிவு என்கிறார்களே, அதிலேயே பதில் இருக்கிறது.

அடி வாங்குபவன், அரியலூர்: ‘இன்னும் ஒரு கார்டா?’ என்று வீட்டில் கேட்டால்?

போன கார்டை ஓட்டிக் காட்டுங்கள். அட்டைப்பெட்டியில் தூங்குகிற கார்டுக்காக எந்த வக்கீலாலும் வாதாட முடியாது.

பரண் சுத்தம் செய்பவர், பட்டுக்கோட்டை: அப்பாவின் பழைய கம்ப்யூட்டரைக் காயலான் கடைக்காரர் கிலோ கணக்கில் கேட்கிறார். கொடுத்துவிடவா?

முதலில் மூடியைத் திறங்கள். மதர்போர்டில் உருளை பேட்டரி ஒழுகியிருந்தால் கழற்றி எறியுங்கள். சுற்றியுள்ள செம்பை அது அரித்துவிடும். பிறகு கார்டின் சிப்பில் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். ‘3டிஎஃப்எக்ஸ்’ என்று இருந்தால், தராசை இறக்கச் சொல்லுங்கள்.